ஒலி மறைந்தும் நிற்கும் எழுத்து



பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தில் மரபு பற்றியும் புதுமை பற்றியும் பலர் பேசியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் அயல்மொழி ஒன்றைச் சார்ந்தது. ஆங்கிலத்தில் ஓ, யூ, ஜி, எச் என்னும் நான்கு எழுத்துகள் இவ்வரிசையிலேயே சேர்ந்து வரும் சொற்களைப் பற்றிச் சில செய்திகளைக் கூற விழைகிறேன். ஆங்கிலம் கற்பிப்பது என் நோக்கமன்று. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு கவிஞர்களின் கவலையாக இருக்க வேண்டும் என்பதனாலேயே இதனைத் தேர்ந்தேன்.

இந்நான்கு எழுத்துகளுக்கு முன்னே ‘டி’ சேர்ந்தால் ‘டஃப்’. கடினமானது என்று பொருள். ‘சி’ சேர்ந்தால் ‘காஃப்’, இருமல். ‘பி’ சேர்ந்தால் ‘பௌ’, மரக்கிளை. ‘டி, எச்’ சேர்ந்தால் ‘தோ’. ஆயினும் என்பது பொருள். ‘டி, எச், ஆர்’ சேர்ந்தால் ‘த்ரூ’, ஊடாக. ‘டி, எச், ஓ, ஆர்’ சேர்ந்தால் ‘தரா’; முழுமையான. ‘தோ’ என்பதன் இறுதியில் மேலும் ஒரு ‘டி’யைச் சேர்த்தால் ‘தாட்’, எண்ணம். எழுத்துக் கூட்டம் ஒன்று, ஒலியோ ஏழு! லெஸ்டர்ஷயரில் உள்ள ஓர் ஊரின் பெயரில் இக்கூட்டம் இருமுறை வருகிறது. அவ்வூரை ‘லஃப்பரா’ என்கிறார்கள். ஒரே பெயருக்குள் முன்னது ஒருவிதமாகவும் பின்னது வேறுவிதமாகவும் ஒலிக்கிறது.

இதைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் இந்தக் குழப்பத்துக்குள் ஒரு வரலாறு உறங்குகிறது. பழைய ஆங்கிலத்தில் இச்சொற்களிற் பலவற்றுக்குத் தொண்டையின் அடியிலிருந்து உரசி எழும் ஒரு மூச்சொலி இருந்தது. ஜெர்மானியர் ‘டோஹ்’ என்று சொல்லும்போதும், ஸ்காட்லாந்தினர் ஏரியை ‘லாஹ்’ என்று சொல்லும்போதும் அதனை இன்றும் கேட்கலாம். அந்த ‘டோஹ்’, ஆங்கிலத் ‘தோ’வின் உடன்பிறப்பே. ‘அஃது’ என்னும் சொல்லில் நாம் எழுப்பும் ஆய்த ஒலியும் அதற்கு ஏறத்தாழ நெருங்கியது. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சு மரபில் பயின்ற எழுத்தர்கள் அந்த மூச்சொலியை ‘ஜி, எச்’ என்ற இணையால் எழுதலாயினர். 1400இல் மறைந்த சாசர் என்ற கவிஞரின் காலத்தில் அது உயிரோடிருந்த ஒலி.

பின்னர் அவ்வொலி தேய்ந்தது. சில சொற்களில் அறவே மறைந்தது; சிலவற்றில் ‘ஃப்’ ஆக மாறியது. முன்னிருந்த உயிரொலியும் சொல்லுக்குச் சொல் வேறு வழியில் சென்றது. ‘த்ரூ’வும் ‘தரா’வும் முற்காலத்தில் ஒரே சொல்லின் இருவேறு வடிவங்களே. ஒலி இவ்வாறு ஓடிக்கொண்டிருக்க, எழுத்து நின்றுவிட்டது. 1476இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அடுத்த இரு நூற்றாண்டுகளில் அச்சு மெல்ல மெல்ல எழுத்துமுறையை இறுக்கியது.

ஒலி எப்போது மாறிற்று என்று பின்வந்த அறிஞர்கள் எப்படி அறிந்தனர்? அவர்களுக்குக் கிடைத்த சான்றுகளுள் முதன்மையான ஒன்று கவிஞர்களின் இயைபு. ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகத்தில் இருமலைக் குறிக்கும் ‘காஃப்’ என்ற சொல்லும் சிரிப்பைக் குறிக்கும் ‘லாஃப்’ என்ற சொல்லும் இயைபாக வருகின்றன. இன்றைய உச்சரிப்பில் அவை முழுமையாக இயையா. 1600ஆம் ஆண்டுப் பதிப்போ இரண்டையும் ஒரே ஈற்றெழுத்துகளோடு அச்சிட்டிருக்கிறது. அன்றைய செவியைக் கவிதை நமக்குக் காத்துத் தந்திருக்கிறது.

எழுத்து சில வேளைகளில் பொய்ச்சாட்சியும் சொல்வதுண்டு. விக்கலுக்கு ‘ஹிக்கப்’ என்று ஆங்கிலேயர் இட்ட பெயர் ஒலிக்குறிப்பால் அமைந்தது. இருமலோடு அதற்கு உறவிருப்பதாக மயங்கிய சிலர் அதன் ஈற்றிலும் இந்நான்கு எழுத்துகளைச் சேர்த்தனர். இன்றும் அவ்வாறு எழுதுவோர் உண்டு. ஒலிப்பது மட்டும் ‘ஹிக்கப்’ என்றுதான்.

இச்சிக்கலை நீக்க முயன்றவர்களும் இருந்தனர். 1906இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ‘தோ’, ‘த்ரூ’ உள்ளிட்ட முந்நூறு சொற்களைச் சுருக்கி அச்சிடுமாறு அரசு அச்சகத்துக்கு ஆணையிட்டார். நாடாளுமன்ற எதிர்ப்பால் அவ்வாண்டிலேயே பின்வாங்க நேர்ந்தது. சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் 1934இல் தொடங்கிச் சுருக்க வடிவங்களைப் பயன்படுத்தி, 1975இல் அவ்விரு சொற்களையும் பழைய வடிவுக்கே திருப்பியது. கண் பழகிய உருவத்தை ஆணையால் அகற்றுவது எளிதன்று.

கவிஞர்களே, இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். தமிழகத்தின் பல வட்டாரங்களில் ழகரம் ளகரமாகவும், சில இடங்களில் யகரமாகவும் ஒலிக்கிறது. றகரமும் ரகரமும் பலர் நாவில் ஒன்றாகிவிட்டன. வாழையும் வாளையும் அருகருகே வரும் ஒரு மருதநிலக் காட்சியை நீங்கள் பாடினால், ஏட்டில் படிப்பவருக்கு ஒன்று மரம், மற்றொன்று மீன். செவியால் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகிவிடும் நிலை இன்று உள்ளது. எழுத்து இருக்கும்வரை ஒலியும் இருக்கும் என்று நாம் அமைதி கொள்கிறோம். அந்த அமைதிக்கு இடமில்லை என்பதை இந்நான்கு ஆங்கில எழுத்துகள் காட்டுகின்றன. ஒலி போனபின்னும் எழுத்து நூற்றாண்டுகள் நின்றது; போன ஒலியை அதனால் மீட்க முடியவில்லை.

பேச்சுவழக்கை நான் பழிக்கவில்லை. மாறுவது மொழியின் இயல்பு. ஆயினும் ஓர் ஒலியை வேண்டி நிறுத்துவோமா, அறியாமலே இழப்போமா என்பது நம் கையில் இருக்கிறது. ஆங்கிலேயர் தம் மூச்சொலியை இழந்தபோது அதை எவரும் கவனித்து நிறுத்தவில்லை. நம் வட்டத்தில் கவிதைகள் ஏட்டில் மட்டும் நின்றுவிடாமல், ஒவ்வொரு கூட்டத்திலும் வாய்விட்டுப் படிக்கப்பட வேண்டும். இளையோர் அதனைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அடுத்த பத்தாண்டுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இதுவே.