பிறந்த தேதிக்கு மணி எதற்கு?



இணையத்தில் ஒரு விண்ணப்பத்தை நிரப்புகிறீர்கள். பிறந்த தேதி ஆகஸ்ட் 15. எங்கோ தொலைவிலுள்ள கணினிக்குப் போய்ச் சேர்ந்ததும் அது ஆகஸ்ட் 14 ஆகிவிடுகிறது. யாரும் தப்பாகத் தட்டவில்லை. பிறகு எப்படி ஒரு நாள் குறைந்தது?

ஜாவா என்ற நிரல் மொழியில் தொடக்கத்திலிருந்தே இருக்கும் 'டேட்' என்ற வகை, பெயரில் மட்டும்தான் தேதி. 1970 ஜனவரி 1 நள்ளிரவு முதல், உலகப் பொது நேரப்படி, எத்தனை மில்லிவிநாடி கடந்தது என்ற எண்தான் அதற்குள் இருக்கிறது. ஆகவே வெறும் தேதியைக் கொடுத்தாலும் ஒரு கடிகார நேரமும் தானாக ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் நள்ளிரவு 12 மணி. இந்தியாவில் ஆகஸ்ட் 15 பிறக்கும்போது உலகப் பொது நேரம் ஆகஸ்ட் 14 மாலை 6.30. மறுமுனைக் கணினி உலகப் பொது நேரப்படி ஓடினால், 14 என்றுதான் படிக்கும்.

2014 மார்ச்சில் வந்த ஜாவா 8 இதைச் சீராக்கியது. ஜோடா டைம் என்ற நிரல் தொகுப்பை உருவாக்கிய ஸ்டீபன் கோல்பர்ன் அந்த வேலையில் முன்னின்றார். நாள் மட்டும் வேண்டுமா, 'லோக்கல்டேட்'. உலகுக்கெல்லாம் பொதுவான ஒரு கணமா, 'இன்ஸ்டன்ட்'. பிறந்த தேதிக்கு முன்னது, பணம் கைமாறிய நேரத்துக்குப் பின்னது. அடுத்த கோடையில் லண்டனில் ஒரு கூட்டம் என்றால் ஊரின் பெயரும் கூடவே போக வேண்டும். ஏனென்றால் அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறார்கள். இப்படிப் பிரித்ததை நான் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன்.

ஆனால் மொழி திருந்தினால் போதாது. தகவலைக் கட்டி அனுப்பும் மென்பொருளுக்கும் புதிய வகைகள் தெரிய வேண்டும். இன்று பெரும்பாலும் தகவல் பயணிக்கும் ஜேசான் வடிவத்தில் தேதி என்ற வகையே கிடையாது. ஜாவாவில் பரவலாகப் பயன்படும் ஜாக்சன் என்ற அத்தகைய மென்பொருளுக்குப் புதிய வகைகளுக்கென்றே தனி இணைப்பு தேவைப்பட்டது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் நிரலாக்கத் தளத்தில், நாளை மட்டும் வைத்திருக்கும் 'டேட்ஒன்லி' 2021இல் 6ஆம் பதிப்போடு வந்தது. அதன் ஜேசான் கருவி அதை ஏற்றதோ 2022இல், 7ஆம் பதிப்பில். இந்த இடைவெளியில் பலர் புதிய தேதியைப் பழைய வகைக்கு மாற்றி அனுப்ப, பழைய பிழையும் கூடவே போனது.

நிரல் எழுதும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேதியை ஐஎஸ்ஓ 8601 என்ற தரமுறைப்படி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுத்தாகவே அனுப்புங்கள். மணியை ஒட்டாதீர்கள். வரிசையும் முக்கியம்: 03/04 என்றால் சென்னையில் ஏப்ரல் 3, நியூயார்க்கில் மார்ச் 4. சோதிக்கும்போது ஒரு முனையை இந்திய நேரத்திலும் மறுமுனையை லாஸ் ஏஞ்சலஸ் நேரத்திலும் வைத்து, ஒரு குழந்தையின் பிறந்த தேதியை அனுப்பிப் பாருங்கள். அதே நாள்தான் திரும்பி வர வேண்டும்.