கேட்பதா, படிப்பதா?



ஜப்பான் நாட்டார் வரைந்து உருவாக்கும் சித்திரப் படங்கள் இன்று உலகெங்கும் 'அனிமே' என்னும் பெயரால் வழங்குகின்றன. எங்கள் நாட்றம்பள்ளியிலும் அவற்றில் மிகுந்த ஈடுபாடு கொண்ட மாணவர் பலர் உளர். அவர்களிடையே ஓயாத வழக்கு ஒன்றும் உண்டு. ஜப்பானியக் குரலைக் கேட்டுக்கொண்டே திரையின் அடியில் வரும் ஆங்கில வரிகளைப் படிப்பது சிறந்ததா? ஆங்கிலக் குரல் ஏற்றிய பதிப்பைப் பார்ப்பது சிறந்ததா? 'சப்டைட்டிலே உண்மையானது' என்பார் ஒரு சாரார். 'டப்பிங்கே எளிது' என்பார் மற்றொரு சாரார். நெடுங்காலம் பள்ளிக்கூடத்தில் இருந்தவனாகையால், இரு கட்சியையும் கேட்ட பிறகே தீர்ப்புக் கூறுவது என் வழக்கம். அவ்வாறு கேட்டபோது, இருவருமே நினைத்துப் பாராத மூன்றாவது கட்சி ஒன்று வாயிலில் நிற்பதைக் கண்டேன். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் இப்படங்களின் தோற்றத்தைக் காண்போம். 1963ஆம் ஆண்டு ஜனவரியில் ஒசாமு தெசுகா என்னும் ஓவியர் 'அஸ்ட்ரோ பாய்' என்ற தொடரைத் தொலைக்காட்சிக்காகத் தொடங்கினார். வாரந்தோறும் அரைமணி நேரக் கதை தர வேண்டும். படச்சுருளில் ஒரு விநாடிக்கு 24 கட்டங்கள் ஓடுகின்றன. கட்டத்திற்கு ஒன்றாக ஓவியம் தீட்ட அவரிடம் காலமும் இல்லை, பொருளும் இல்லை. ஆகவே ஓர் ஓவியத்தையே மூன்று கட்டங்களுக்கு நிறுத்தி, விநாடிக்கு எட்டு ஓவியங்களைக் கொண்டே கதையை நடத்தினார். முகம் அசையாது, கண் மட்டும் இமைக்கும். உருவம் நிற்கும், பின்னே வானம் நகரும். இல்லாமையில் பிறந்த இந்தச் சிக்கனம் நாளடைவில் ஓர் அழகாகவே வளர்ந்துவிட்டது. அசைவில் மிச்சப்பட்ட உழைப்பைப் பின்னணி ஓவியத்தில் செலவிடும் வழக்கமும் வேரூன்றியது. மகோதோ ஷின்காய் 2016இல் வெளியிட்ட 'யுவர் நேம்' படத்தின் வானத்தையும் மழையையும் ரயில் தடங்களையும் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வார்கள்.

இத்தகைய படத்தில் கண்ணுக்கு வேலை மிகுதி. அந்தக் கண்ணை நொடிக்கொரு முறை திரையின் அடிக்கு இழுத்தால் மேலே உள்ள ஓவியத்தை யார் பார்ப்பது? டப்பிங் கட்சியாரின் முதல் வாதம் இது. வலிமையான வாதமே.

அவர்களுக்கு மற்றொரு வாதமும் உண்டு. நடிகர்கள் நேரில் தோன்றும் படத்தில் குரலை மாற்றுவது, உடம்பிலிருந்து உயிரைப் பிரிப்பது போன்றது. சித்திரப் படத்திலோ உதடு யாருடையதும் அன்று. ஜப்பானில் பெரும்பாலும் படத்தை முதலில் ஆயத்தம் செய்துவிட்டுப் பின்னரே குரலைப் பதிவு செய்கிறார்கள். 1988இல் வந்த 'அகிரா' போன்ற சில படங்களே இதற்கு விலக்கு. ஆகவே ஜப்பானியக் குரலும் ஒருவகையில் பின்னர் ஏற்றிய குரலேயாகும். திறந்த வாய், பாதி திறந்த வாய், மூடிய வாய் என்னும் சில நிலைகளைக் கொண்டே பேச்சைக் காட்டுவதால், வேற்றுமொழிக் குரலும் அதிகம் உறுத்தாமல் பொருந்துகிறது.

இனி மறு கட்சியைக் கேட்போம். குரல் என்பது சொற்களைச் சுமந்து செல்லும் வண்டி மட்டும் அன்று. இப்போது இவ்வானொலியில் நீங்கள் என் முகத்தைக் காணவில்லை. ஆயினும் நான் எங்கே நிறுத்துகிறேன், எங்கே அழுத்துகிறேன் என்பதைக் கொண்டு என் உள்ளத்தை அறிகிறீர்கள். நகை, அழுகை முதலாகத் தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளும் மெய்யின்கண் தோன்றுவன. சித்திர உருவத்திற்கு மெய் ஏது? முகம் அசையாமல் நிற்கும் அந்த ஓவியத்தில் மெய்ப்பாட்டைக் கொண்டுவந்து சேர்ப்பது குரல் நடிகரின் மூச்சேயாகும். அதனை நீக்கிவிட்டால் கலையில் ஒரு பாதி போய்விடுகிறது.

மேலும், டப்பிங்கில் செய்யப்படும் மாற்றங்களைக் காட்டிக் கொடுக்கச் சாட்சி இல்லை. ஹயாவோ மியாசாகி 1984இல் வெளியிட்ட 'நவ்ஸிகா' என்னும் படத்தை அமெரிக்காவில் 1985இல் 'வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். இருபது நிமிடத்திற்கு மேல் வெட்டி எறிந்தார்கள்; பாத்திரங்களின் பெயர்களையும் மாற்றினார்கள். பார்த்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. அதே மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' 2003இல் ஆஸ்கர் விருது பெற்றது. அதன் ஆங்கிலப் பதிப்பில், தன் முன் நிற்கும் கட்டடம் ஒரு குளியல் விடுதி என்று சிறுமி சொல்வதாக ஒரு பேச்சைப் புதிதாகச் சேர்த்தார்கள். ஜப்பானியக் குழந்தை பார்த்தவுடன் அறிந்துகொள்வதை அயல்நாட்டுக் குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டும் என்னும் நல்லெண்ணம்தான். ஆனால் மூலத்தில் இருந்த மௌனம் அங்கே கலைந்துவிட்டது. சப்டைட்டிலிலோ மூலக்குரல் உடன் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. மொழிபெயர்ப்புக்கு அருகிலேயே சாட்சியும் நிற்கிறது.

ஆயின் சப்டைட்டிலுக்கும் குறை உண்டு. வழிநூலின் வகைகளைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக நம் முன்னோர் பகுத்தனர். சப்டைட்டில் மொழிபெயர்ப்பு மட்டும் அன்று, தொகுத்தலும் ஆகும். இரண்டு வரிக்கு மேல் இடமில்லை. சில விநாடிக்கு மேல் காலமில்லை. பேசியதில் ஒரு பகுதி உதிர்ந்தே தீரும்.

மாணவர்களே! இரு கட்சியாரும் இவ்வளவு நுட்பமாக வாதாடுகிறார்கள். ஆனால் இருவருக்கும் இடையே உள்ள ஒற்றுமையைக் கவனித்தீர்களா? ஒருவர் படிப்பதும் ஆங்கிலம். மற்றவர் கேட்பதும் ஆங்கிலம். வாயிலில் நிற்கும் மூன்றாவது கட்சி நம் தமிழ்.

'நான் பள்ளிக்குப் போகமாட்டேன்' என்பதை ஜப்பானியர் 'வதாஷி வா, கக்கோ நி, இகனாய்' என்பார்கள். நான், பள்ளிக்கு, போகமாட்டேன் என்னும் அதே வரிசை. பள்ளி என்ற சொல்லுக்குப் பின்னே நான்காம் வேற்றுமை உருபு போல 'நி' வந்து நிற்கிறது. எதிர்மறை கடைசியில்தான் வெளிப்படுகிறது. அவன் போவானா, போகமாட்டானா என்பது இறுதிச் சொல் வரையில் கேட்பவருக்குத் தெரியாது. கதை சொல்லுகிறவன் பயன்படுத்திக்கொள்வது அந்த ஒரு நொடித் தவிப்பைத்தான். ஆங்கிலத்தில் மறுப்பு முன்னரே வந்துவிடுகிறது. திரையில் உள்ளவன் தயங்கும்போதே படிப்பவருக்கு முடிவு தெரிந்துவிடுகிறது. தமிழ் வரியில் அத்தவிப்பு அப்படியே நிலைக்கும்.

சுட்டுச் சொற்களையும் பாருங்கள். ஜப்பானியத்தில் 'கொரே, சொரே, அரே, தொரே' என நான்கு உண்டு. தமிழில் இது, உது, அது, எது என நான்கு. இடைப்பட்ட 'உது' நம் பேச்சில் மறைந்தாலும் யாழ்ப்பாணத்தார் பேச்சில் இன்றும் வாழ்கிறது. ஆங்கிலத்தில் அந்த நடுச் சுட்டுக்குத் தனிச்சொல் இல்லை.

உறவுப் பெயர்களிலும் இவ்வாறே. அண்ணனுக்கும் தம்பிக்கும், அக்காளுக்கும் தங்கைக்கும் ஜப்பானியர் வேறு வேறு சொல் வழங்குகின்றனர், நாமும் அப்படியே. ஆங்கிலம் மூத்தவரையும் இளையவரையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. 'டீமன் ஸ்லேயர்' கதையில் தங்கை நெசுகோவுக்காக அண்ணன் தன்ஜிரோ படும் பாடெல்லாம் 'அண்ணா' என்னும் ஒரு விளியில் தமிழனுக்குப் புலப்படும். அக்கதையை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தால், இருமொழிக்கும் பொதுவான செல்வத்தை நடுவழியில் தொலைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து தேடுவதாக முடியும்.

இவ்வொற்றுமைகளைக் கொண்டு இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அறிஞர் சுசுமு ஓனோ அவ்வாறு உறவு காட்ட முயன்றார். மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. தமிழாலும் ஆகாதவை உண்டு. 'யுவர் நேம்' படத்தில் ஆண் உடலில் புகுந்த பெண்ணொருத்தி தன்னைக் குறிக்க 'வதாஷி, வதாகுஷி, போகு, ஓரே' என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துத் தடுமாறுகிறாள். நம்மிடம் இருப்பது ஒரே ஒரு 'நான்'. அவ்விடத்தில் மூலக்குரலைக் கேட்பதே வழி.

டப்பிங் நமக்குப் புதியதா என்றால், அன்று. கன்னட 'ஹரிச்சந்திரா' படத்திற்கு ஏ.வி. மெய்யப்பன் தமிழ்க்குரல் ஏற்றி 1944இலேயே வெளியிட்டார். இருந்தும் என்ன நேர்ந்தது? யூகோ சாக்கோ என்னும் ஜப்பானியரும் நம் நாட்டு ராம் மோகனும் சேர்ந்து இராமாயணத்தை அனிமேயாகப் படைத்தார்கள். அது 1993 ஜனவரியில் புதுதில்லித் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. மூலப் பதிப்பு ஆங்கிலத்தில் பேசியது. இந்திப் பதிப்பும் உண்டாயிற்று. கம்பன் பிறந்த நாட்டின் திரையரங்குகளுக்கு அது தமிழ்க்குரலோடு வந்ததோ 2025 ஜனவரியில்! முப்பத்திரண்டு ஆண்டுகள்! அதே ஆண்டு செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம், ஜப்பானில் வெளியான சில வாரங்களுக்குள் தமிழிலும் ஒலித்தது. காலம் மாறுகிறது என்பதற்கு இது நல்ல அடையாளம்.

ஆனால் எந்தத் தமிழில் பேசுவது? இங்கேதான் உழைப்பு வேண்டும். நூல் நடையில் பேசினால் பாத்திரம் மேடைப் பேச்சாளன் ஆகிவிடுகிறது. யாரும் எங்கும் பேசாத ஒரு 'டப்பிங் தமிழ்' உருவாகிவிடும் அபாயமும் உண்டு. எங்கள் ஊர்ச் சந்தையில் தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் காதில் விழும். ஒருவர் ஒரு மொழியில் விலை கேட்பார். மற்றவர் வேறு மொழியில் விடை சொல்வார். சொல்லை விடப் பொருளைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் அது. தோல் பதனிடும் தொழில் இப்பகுதியின் உயிர்நாடி. பதனிட்ட தோல் நிறம் மாறும், மணம் மாறும், உறுதி பெறும். ஆயினும் மேற்பரப்பின் நுண்ணிய அமைப்பைக் கண்டு, இது ஆட்டுத்தோல், இது மாட்டுத்தோல் என்று தேர்ந்தவர் சொல்லிவிடுவார். மொழிபெயர்ப்பும் அவ்வாறே இருத்தல் வேண்டும். நமக்குப் பயன்படப் பக்குவமாகவும் வேண்டும். பிறந்த இடம் தெரியவும் வேண்டும்.

இவ்வளவு வாதமும் யாருக்காக? ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையில் வேலை முடித்துத் திரும்பும் தாயை நினைத்துப் பாருங்கள். வீட்டில் மகன் ஜப்பானியப் படம் பார்க்கிறான். அருகே பாட்டி அமர்ந்திருக்கிறாள். இரண்டாம் வகுப்புத் தங்கையும் இருக்கிறாள். அவன் சிரிக்கிறான். 'என்னடா சொன்னான்?' என்று பாட்டி கேட்கிறாள். அவன் விளக்குவதற்குள் காட்சி மாறிவிடுகிறது. நாளடைவில் பாட்டி கேட்பதை நிறுத்திவிடுகிறாள். அவன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தனியே பார்க்கத் தொடங்குகிறான். சப்டைட்டிலா, டப்பிங்கா என்ற வழக்கில் தோற்றவர்கள் அந்த மூவர்தாம்.

ஆகவே என் முடிவு இது. விரைந்து படிக்கவல்ல மாணவனுக்கு ஜப்பானியக் குரலும் தமிழ் வரியும் தகும். குழந்தைக்கும், முதியோருக்கும், குடும்பத்தோடு காண்பார்க்கும் நல்ல தமிழ்க்குரல் வேண்டும். ஆங்கிலப் பதிப்பு இவ்விரண்டும் கிட்டாதபோது கொள்ளத்தக்கது. ஆங்கிலத்தை நான் வெறுக்கவில்லை; அதைக் கற்பித்தும் இருக்கிறேன். உலகத்திற்குச் செல்ல அது ஒரு நல்ல வாயில். ஒரே வாயில் என்று எண்ணுவதுதான் தவறு.

மாணவர்களே! உங்களில் ஒருவர் இந்த விருப்பத்தையே கருவியாகக் கொண்டு ஜப்பானிய மொழியை முறையாகக் கற்பீர்களானால், வாக்கிய அமைப்பில் பாதித் தொலைவை உங்கள் தாய்மொழி முன்னரே கடந்து வைத்திருப்பதைக் காண்பீர்கள். டோக்கியோவில் பேசிய சொல் இடையில் எங்கும் தங்காமல் நேரே நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர வழி செய்யுங்கள். பாட்டி கேட்கக் காத்திருக்கிறாள்.