காற்றும் கோழியும் காகமும்



குருசுக்குப்பம் போன்ற கடலோரப் பகுதியில் காற்றே ஓர் அறிவியல் பாடம். பலத்த காற்று வீசும் நாளில், மணலில் அமர்ந்திருக்கும் காகங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பெரும்பாலும் காற்று வரும் திசையைத்தான். பின்னாலிருந்து காற்றடித்தால் இறகுகள் தூக்கிக்கொள்ளும். உள்ளே தங்கிய வெதுவெதுப்பு போய்விடும். பறக்க எழும்போதும் எதிர்காற்றே உதவுகிறது.

வீட்டுக் கோழி சுவரோரமாக ஒதுங்கும். காற்றின் இரைச்சலில் மற்ற ஓசைகள் சரியாகக் கேட்காததால் எளிதில் மிரளும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் மாணவர்களில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. பறவைகள் காட்டுவது இப்போதைய காற்றை. அதை வைத்து நாளைய புயலைக் கணிக்கக் கூடாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயலும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரி அருகே கரை கடந்தன. கடலுக்குப் போகலாமா என்பதற்கு வானிலை மைய அறிவிப்பையும் துறைமுகத்தின் புயல் எச்சரிக்கைக் கூண்டையுமே நம்ப வேண்டும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் வீட்டிலும் சொல்லட்டும்.

ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் மூன்றைக் குறிக்கச் சொல்லுங்கள்: குச்சியில் கட்டிய துணி பறக்கும் திசை, காகம் பார்க்கும் திசை, கோழி ஒதுங்கிய இடம். காற்றின் பெயரை வாடை, கொண்டல், கச்சான் என வீட்டில் வழங்குவது போலவே எழுதட்டும். தாத்தாவிடம் கேட்டறிந்த சொல்லும் தானே கண்ட உண்மையும் ஒரே ஏட்டில் சேரும்.