பின் அச்சுக்கு எந்த எண்ணெய்?



மாட்டுத்தாவணி என்றதும் மதுரைக்காரர்களுக்குப் பேருந்து நிலையமும் காய்கறிச் சந்தையும் பூச்சந்தையும் நினைவுக்கு வரும். பெயரோ பழைய செய்தி ஒன்றைச் சொல்கிறது. தாவணி என்பது மாடுகளை வரிசையாகக் கட்டும் கயிறு; அக்கயிற்றின் பெயரே மாட்டுச் சந்தைக்கும் ஆகி வந்தது. அந்த இடத்தில்தான், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், என் வண்டி எனக்கு ஒரு பாடம் கற்பித்தது.

அது நான் இரண்டாம் கையாக வாங்கிய உயரமான கார். பின்சக்கரங்களால் உந்தப்பெற்று ஓடுவது. மேலூர்ச் சாலையிலிருந்து சந்தைப் பக்கம் மெல்லத் திரும்பினேன். பின்புறத்தில் கடகடவென்று ஓர் ஓசை, இருக்கையெல்லாம் அதிர்ந்தது. நேரே ஓட்டினால் ஓசை இல்லை. வேகமாகச் சென்றாலும் இல்லை. மெதுவாகத் திரும்பும்போது மட்டுமே வந்தது. ஒரு பட்டறையில் காட்டினேன். "கிரவுன் போயிருச்சு சார், இறக்கித்தான் பார்க்கணும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை என் இரண்டு மாத ஊதியத்தை விழுங்கக்கூடியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பின் அச்சின் எண்ணெயை மாற்றியிருந்தேன். அதை நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

ஓசையின் காரணத்தை அறிய வேண்டுமானால் மாட்டு வண்டியிலிருந்தே தொடங்கலாம். மாட்டு வண்டியின் சக்கரங்கள் இருசின் இரு நுனிகளிலும் தனித்தனியே சுழல்வன. இழுப்பவை மாடுகள், சக்கரம் உருண்டு கொடுத்தால் போதும். வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மையாகக் குடத்துக்குள் இட்டார்கள். வழுக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மைக்கு வேறு கடமை இல்லை.

மோட்டார் வண்டியிலோ சக்கரமே வண்டியைத் தள்ளுகிறது. இங்கேதான் சிக்கல் எழுகிறது. இரு பின்சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் இருப்பதாகக் கொள்வோம். வண்டி அரைவட்டம் அடித்துத் திரும்பினால், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறக்குறைய 4.7 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். கணக்கில் ஐயம் உள்ளவர்கள் 1.5-ஐப் பையால் பெருக்கிப் பாருங்கள். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் டயர் தேயும். வண்டி திரும்ப மறுக்கும். இதற்கு விடையாக அமைந்தது டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி. 1827-ஆம் ஆண்டில் பெக்கூர் என்ற பிரெஞ்சு நாட்டுக் கடிகாரத் தொழிலாளர் நீராவி வண்டிக்காக அதற்கு உரிமை பெற்றார். ஒரு சக்கரம் எவ்வளவு விரைகிறதோ, மற்றது அவ்வளவு தாமதிக்க அது இடம் கொடுக்கிறது. திருப்பு விசையை இரண்டுக்கும் சமமாகப் பங்கிடுகிறது.

அந்தச் சமநீதியிலேயே ஒரு குறை உண்டு. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசற் காட்டில் மழைக்குப் பின் வண்டி ஓட்டியவர்கள் அறிவார்கள். ஒரு சக்கரம் சேற்றில் பற்றிழந்தால், அதற்குத் தேவைப்படும் விசை மிகச் சிறிது. மறு சக்கரத்துக்கும் அதே சிறு விசைதான் கிடைக்கும். சேற்றுச் சக்கரம் பம்பரமாய்ச் சுழல, கெட்டித் தரையில் நிற்கும் சக்கரம் சும்மா நிற்கும். பந்தயக் கார்களுக்கும் இதே தொல்லை இருந்தது. ஆட்டோ யூனியன் பந்தயக் காரை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் போர்ஷே, 1935-இல் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்திடம் இதற்கு ஒரு வழி காணுமாறு கேட்டார். வழுக்கலை ஓரளவுக்கு மேல் விடாத டிஃபரன்ஷியல் அவ்வாறு பந்தயக் களத்துக்கு வந்தது. பின்னர்ச் சாதாரண வண்டிகளுக்கும் பரவியது. நம் நாட்டில் 2012-இல் வெளிவந்த டாடா சஃபாரி ஸ்டார்ம் வண்டியின் பின் அச்சிலும் இவ்வமைப்பு இருந்தது.

பெரும்பாலும் காணப்படும் வகையில், டிஃபரன்ஷியலின் உள்ளே கிளட்ச் தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். அவை ஒன்றோடொன்று அழுந்தி உராய்வதால், ஒரு சக்கரம் மட்டும் தனியே ஓடிவிட முடிவதில்லை. தட்டுகள் எண்ணெயிலேயே மூழ்கிக் கிடக்கின்றன. இப்போது அந்த எண்ணெயின் நிலையை எண்ணிப் பாருங்கள். கிரவுன் சக்கரத்துப் பற்களில் உராய்வை இயன்றவரை ஒழிக்க வேண்டும். ஒரு சாண் தள்ளியுள்ள தட்டுகளிலோ உராய்வைக் காக்க வேண்டும். காத்தாலும் அது முரடாக இருத்தல் ஆகாது. ஒரே எண்ணெய், இரு எதிரான பணிகள்!

பற்களின் பணியே எளிதன்று. பின் அச்சுப் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று இழுபட்டும் செல்கின்றன. அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். ஆகவே கந்தகமும் பாஸ்பரஸும் அடங்கிய கூட்டுப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். சூடு ஏறும் இடத்தில் அவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. கியர் ஆயில் டப்பியைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் நாற்றம் கந்தகத்தினுடையதே. ஜி.எல்-5 என்ற குறியீடு இத்தகைய கடும் பணிக்கு உரியது. அதனையே கியர் பெட்டியிலும் ஊற்றிவிடலாம் என்று எண்ணாதீர்கள். ஜி.எல்-4 கேட்கும் கியர் பெட்டிகளில் பித்தளை வளையங்கள் உண்டு, ஜி.எல்-5 எண்ணெய்கள் சில அவற்றைக் கெடுக்கும்.

இனி, தட்டுகளுக்கு வருவோம். கனமான பீரோவைத் தரையில் தள்ளியிருக்கிறீர்களா? முதலில் அசையாது, திடீரென நகரும், மறுபடி நிற்கும். நிற்கும்போதுள்ள உராய்வு நகரும்போதுள்ளதைவிட மிகுதி என்பதே காரணம். தட்டுகளிலும் இவ்வாறே நிகழ்கிறது. வண்டி மெதுவாகத் திரும்புகையில் தட்டுகள் பற்றுகின்றன, விடுகின்றன, பற்றுகின்றன. என் வண்டியின் கடகடப்பு அதுவே. இதைத் தடுக்க எண்ணெயில் உராய்வுச் சீராக்கி ஒன்றைக் கலக்கிறார்கள். அதன் மூலக்கூறுகள் நீண்டவை. ஒரு முனையால் உலோகத்தைப் பற்றிக்கொண்டு மறுமுனையை வெளியே நீட்டி, பாய் விரித்தாற்போல் நிற்பவை. அவை இருந்தால் தட்டு துள்ளாமல் மெல்ல நழுவத் தொடங்கும்.

ஒருகாலத்தில் இந்தச் சீராக்கியை ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயிலிருந்து எடுத்தார்கள் என்றால் வியப்பீர்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடுத்தபின் வேதியியலார் மாற்றுப் பொருள்களைத் தேடினார்கள். பாலைவனச் செடியான ஜோஜோபாவின் எண்ணெய் அவற்றுள் ஒன்று. நம் விளக்கெண்ணெயும் உலோகத்தைப் பற்றுவதில் வல்லதே. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். அதற்காக வீட்டு விளக்கெண்ணெயைப் பின் அச்சில் ஊற்றிவிடாதீர்கள். கனிம எண்ணெயோடு அது சரியாகக் கலப்பதில்லை, நாளடைவில் பிசினாகவும் இறுகும்.

என் கதைக்குத் திரும்புகிறேன். கிரவுனை இறக்குமுன், எங்கள் தெருவில் முன்பு பட்டறை வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் சொன்னேன். அவர் வண்டியைப் பார்க்கவேயில்லை. "என்ன ஆயில் ஊத்துனீங்க வாத்தியாரய்யா?" என்று கேட்டார்.

"நல்ல கம்பெனி ஆயில்தான் அண்ணே, விலையும் கூடத்தான்."

"நல்ல ஆயிலா இருக்கலாம். உங்க வண்டி ஆயிலான்னு புத்தகத்துல பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. வண்டியின் கையேடு உறை பிரியாமல் பெட்டிக்குள் கிடந்தது. அதில், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் அச்சுக்கு உரிய எண்ணெய் மட்டுமே இடவேண்டும் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. ஆங்கிலத்தில் எல்.எஸ். என்று டப்பியில் குறித்திருப்பது அதையே. நான் ஊற்றியது கலப்பற்ற சாதாரண ஜி.எல்-5.

எண்ணெயின் தடிப்பைப் பற்றியும் நான் தவறாகவே எண்ணியிருந்தேன். 75டபிள்யூ-90 என்ற குறியில் டபிள்யூ-வோடு வரும் முன் எண் குளிருக்கு உரியது. 75டபிள்யூ எண்ணெய் சுழியத்துக்குக் கீழ் 40 பாகையிலும் அசைய வேண்டும், 80டபிள்யூ கீழ் 26 பாகையில், 85டபிள்யூ கீழ் 12 பாகையில். லடாக்கில் இது உயிர்நாடி. மார்கழியிலும் பனி உறையாத மதுரையில் இதற்கெனக் கூடுதல் விலை கொடுப்பது வீண். பின் எண்ணே நமக்கு உரியது. 100 பாகை வெப்பத்தில் 90 என்பது 13.5 முதல் 18.5 வரையிலான பாகுநிலை அளவையும், 140 என்பது 24 முதல் 32.5 வரையிலான அளவையும் குறிக்கும். சித்திரை வெயிலில் பாரம் ஏற்றிச் செல்வோர்க்குச் சில கையேடுகள் 140 சொல்லும். சொல்லாத வண்டிக்குத் தடித்த எண்ணெய் இட்டால், அதைக் கலக்குவதிலேயே எரிபொருள் வீணாகும். கடகடப்பும் தீராது, ஏனெனில் அது தடிப்புக் குறைவால் வந்த நோயன்று.

சீராக்கியைத் தனிச் சிறு போத்தலிலும் விற்கிறார்கள். எல்.எஸ். எண்ணெயில் அது முன்பே கலந்திருக்கும். மேலும் ஊற்றினால் தட்டுகள் பற்றையே இழந்து, சேற்றில் கைவிடும். தட்டுகள் இல்லாமல் பற்சக்கரங்களாலேயே வழுக்கலைத் தடுக்கும் டார்சன் போன்ற வகைகளுக்குப் பொதுவாக இது வேண்டுவதில்லை. உள்ளே இருப்பது எந்த வகை என்று அறியாமல் எண்ணெய்க் கடைக்குச் செல்வது, நோய் அறியாமல் மருந்துக் கடைக்குச் செல்வது போன்றதுதான்.

பழைய எண்ணெயைச் சூட்டோடு வடித்தோம். முதியவர் அடைப்புத் திருகின் காந்தத்தில் ஒட்டியிருந்த பொடியை விரலால் தேய்த்துப் பார்த்தார். மை போன்ற நுண்பொடி. துண்டு துணுக்கு இல்லை. பால் நிறமும் இல்லை. இருந்திருந்தால் கண்மாய் நீர் உள்ளே புகுந்ததாகப் பொருள். புது எண்ணெய் இட்டபின், ஆளில்லாத திடலொன்றில் எட்டு வடிவில் பத்துச் சுற்று மெல்ல ஓட்டச் சொன்னார். தட்டுகளின் இடுக்கிலிருந்து பழையது வெளியேறிப் புதியது புக வேண்டுமாம். மூன்றாம் சுற்றில் ஓசை தேய்ந்தது. ஏழாம் சுற்றில் திடலின் ஓரத்தில் யாரோ மாட்டை அதட்டிய குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.