ஏழு நடக்குதுங்க

நான் சேலம் மாவட்டத்தில் வாத்தியார் வேலை பார்த்தவன். 2001-இலும் 2011-இலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவன். ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளில் ஆயிரம் ஆணுக்கு எத்தனை பெண் என்கிற கணக்கைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கு திண்ணையில்தான் தொடங்குகிறது. "பசங்க எத்தனைம்மா?" என்று ஒரு வீட்டில் கேட்டேன். "ரெண்டுங்க." எழுதிக்கொண்டு எழுந்தால் உள்ளே தூளி ஆடுகிறது. "அது யாரும்மா?" "அது பொம்பளைப் புள்ளைங்க. நீங்க பசங்களைத்தானே கேட்டீங்க?" தப்பு என்னுடையது. அன்றிலிருந்து ஆண் எத்தனை, பெண் எத்தனை, கைக்குழந்தை உண்டா என்று பிரித்துப் பிரித்துக் கேட்டேன்.

வயது அதைவிட வம்பு. "பாப்பாவுக்கு என்ன வயசு?" "ஏழு நடக்குதுங்க." நடப்பது ஏழு என்றால் முடிந்தது ஆறு. படிவத்தில் எழுத வேண்டியது முடிந்த வயதை. ஏழு என்று போட்டுவிட்டால் அந்தப் பாப்பா இந்தக் கணக்கைவிட்டே வெளியே போய்விடும். எழுத்தறிவை ஏழு வயதிலிருந்து பார்ப்பதால்தான் கோடு ஆறில் விழுந்தது. பெரியவர்களோ எல்லோருமே நாற்பது, நாற்பத்தஞ்சு, ஐம்பது. நாற்பத்தேழு என்று சொல்பவர் அபூர்வம். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அப்படியானால் எல்லாமே பொய்க் கணக்கா என்றால், இல்லை. முடிந்தபின் சில இடங்களில் மறுபடி எண்ணிப் பார்க்கிறார்கள். 2011-இல் ஆயிரத்துக்குச் சுமார் 23 பேர் விடுபட்டது அப்படித்தான் தெரிந்தது. ஆண் பிள்ளை இயற்கையிலேயே சற்று அதிகம் பிறப்பதால், ஆயிரத்துக்கு 950 பெண் இருந்தாலே சரிதான். 2001-இல் தமிழ்நாட்டுக்கு 942. எங்கள் சேலத்துக்கு 851! தூளியை எழுத மறந்த வாத்தியார்கள் சேலத்தில் மட்டுமா இருந்தோம்? அந்தப் பள்ளத்தை என் பேனாவின் தலையில் கட்ட முடியாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் எங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கியது. ஏன் என்று ஊருக்கே தெரியும்.

பேசச் சொன்னவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027-க்கு வந்திருக்கிறது. வருகிறவர் என்னைப் போல மொட்டையாகக் கேட்டாலும், தூளியில் தூங்குவதையும் சேர்த்துச் சொல்லிவிடுவீர்கள் என்று நம்புகிறேன். ஏழு நடக்கிறதா, முடிந்ததா, அதையும்தான்.