அன்பின் இரு வழிகள்



ரேணிகுண்டாவிலிருந்து கூடூர் செல்லும் இரயில் பாதையில் ஏர்பேடு என்றொரு நிலையம் உண்டு. அதனைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் திருக்காளத்தி மலை கண்ணுக்குத் தெரியும். அன்பைப் பற்றிப் பேச அம்மலையினும் பொருத்தமான இடம் வேறில்லை. கண்ணப்பர் வாழ்ந்த மலை அது.

கண்ணப்பர் கண்ணை அப்பிய செய்தியை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறிய அந்த வரலாற்றில் இரண்டு அன்பர்கள் இருக்கின்றனர் என்பதைப் பலர் நினைப்பதில்லை. ஒருவர் வேடர் குலத்துத் திண்ணனார்; மற்றவர் ஆகம முறைப்படி பூசை செய்யும் சிவகோசரியார்.

திண்ணனார் ஊனைத் தீயிலிட்டுக் காய்ச்சி, மென்று சுவை பார்த்து, இனியதை மட்டும் இறைவனுக்குப் படைத்தார். வாயில் நீரும் தலையில் மலரும் சுமந்து வந்தார். காட்டில் வளர்ந்தவருக்குத் தெரிந்த உபசாரம் அதுவே. மறுநாட் காலை சிவகோசரியார் வந்தார். எலும்பும் ஊனும் சிதறிக் கிடக்கக் கண்டு பதறினார், அழுதார், எல்லாவற்றையும் அகற்றித் தூய்மை செய்து பூசித்தார். அந்தப் பதற்றமும் அன்பே. ஒருவர் படைத்ததும் அன்பினால். மற்றவர் துடைத்ததும் அன்பினால்.

இச்சிக்கலை இறைவன் எவ்வாறு தீர்த்தார்? கனவில் தோன்றி வேடரின் அன்பை எடுத்துரைத்து, மறுநாள் மறைந்திருந்து காணுமாறு சிவகோசரியாரைப் பணித்தார். அவருடைய பூசையை விட்டுவிடச் சொல்லவில்லை. பிறர் அன்பை எடைபோடுமுன் சற்றே ஒதுங்கி நின்று பார்க்கவேண்டும் என்பதே நமக்கு இதிற் கிடைக்கும் பாடம்.

திண்ணனாரிடத்தும் ஒரு பாடம் உண்டு. முன்பு ஓர் அந்தணர் நீராட்டி, மலர் சூட்டி, உணவு படைத்ததை நாணன் சொல்லக் கேட்டே அவர் தம் பூசையைத் தொடங்கினார். ஐந்து நாள் தமக்கு இனியதைக் கொடுத்தார். ஆறாம் நாள் இறைவன் கண்ணில் குருதி வழிந்தபோது ஊன் கொண்டுவந்து பயன் இல்லை. பச்சிலை பிழிந்தார், அது பலிக்கவில்லை. பின்பே தம் கண்ணை இடந்து அப்பினார். தமக்குப் பிடித்ததைக் கொடுப்பது அன்பின் தொடக்கம்; எதிரில் இருப்பவருக்கு வேண்டியதைக் கொடுப்பது அதன் முதிர்ச்சி.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் மகன் மாதந்தவறாமல் பணம் அனுப்புகிறான். ஊரிலுள்ள தாயோ அவன் குரலைக் கேட்க ஏங்குகிறாள். அவள் வெயிலில் நின்று வற்றல் காயவைத்து அனுப்புகிறாள். "இதெல்லாம் இங்கே கிடைக்காதா, அம்மா?" என்கிறான் மகன். இருவரிடத்தும் அன்புக்குக் குறைவில்லை. எனினும் இருவர் உள்ளத்திலும் ஒரு குறை. அன்பு வற்றியதால் அன்று, அடையாளம் காணப்படாததாலேயே பல வீடுகளில் கசப்பு விளைகிறது. பணத்தோடு பத்து நிமிடப் பேச்சையும் மகன் அனுப்பலாகாதா? பணமும் அவன் பேசும் பேச்சே என்று தாய் எண்ணலாகாதா?

அயலாரிடத்தும் இதுவே நெறி. ஏர்பேட்டில் 1926-ஆம் ஆண்டு வியாசாசிரமத்தை நிறுவிய மலையாள சுவாமிகள் கேரளத்தில் பிறந்தவர். தாம் வந்து தங்கிய மண்ணின் மக்களுக்கு அவர்கள் மொழியாகிய தெலுங்கிலேயே நூல் எழுதினார். சாதி வேறுபாடின்றி, பெண்களுக்கும் வடமொழிக் கல்வியை வழங்கினார். பெறுவோர் மொழியைக் கற்றுக்கொண்டு கொடுத்த அன்பு அது.

இன்றிரவு உங்கள் வீட்டில் யாரேனும் ஒன்றும் பேசாமல் உங்கள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு இட்டால், போதும் என்று கையால் மறிக்குமுன் அந்த முகத்தை ஒரு கணம் பாருங்கள். சிவகோசரியார் மறைந்து நின்று கண்ட காட்சி உங்களுக்கு அங்கேயே கிட்டும்.