கேட்ட விலையும் விற்ற விலையும்



பாலாற்றங்கரையிலுள்ள எங்கள் விரிஞ்சிபுரத்தில் என் நண்பர் ஒருவர், மகளின் படிப்புக்காகத் தம் மனையை விற்க எண்ணினார். அண்டை மனைக்கு 30 இலட்சம் ரூபாய் கேட்டார்களாம். தாமும் அதனைப் பெறலாம் என நம்பினார். "கேட்டது இருக்கட்டும், விற்றது எவ்வளவு?" என்றேன்.

விற்ற விலையைக் கேட்ட விலையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் வருவது விற்பனை விகிதம். 27 இலட்சத்துக்கு விற்றதாக அண்டை மனையார் கூறினர். விகிதம் 90 விழுக்காடு. கேட்ட விலையை இடையில் 28 ஆகக் குறைத்திருந்தால் அதே விற்பனை 96 விழுக்காடாகும். எந்த விலையால் வகுத்தோம் என்று சொல்லாத விகிதம் பயனற்றது. தோல் பதனிடும் கழிவால் கிணறு கெட்ட நிலத்தின் விகிதத்தை நன்னீர் மனைக்குப் பொருத்துவதும் பிழையே.

பின்னர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தின் நகலைப் பெற்றோம். அதில் கண்ட தொகை 20 இலட்சம்! முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்தக் குறைத்து எழுதியிருந்தனர். விகிதமும் 67 ஆகச் சரிந்தது.

இதனால் யாருக்கு நட்டம்? பொதுப்பணிக்கு நிலம் எடுக்கையில், 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் சுற்றுப்புறத்தின் முந்தைய மூன்றாண்டுப் பத்திர விலைகளையும் நோக்குகிறது. ஒருவர் மறைத்த 7 இலட்சம், நாளை அயலாரின் இழப்பீட்டைக் குறைக்கக்கூடும்.

என் நண்பர் 28 இலட்சம் கேட்டார். 26 இலட்சத்துக்கு விற்றார். பத்திரத்திலும் 26 என்றே எழுதுவித்தார். அவருடைய விகிதத்தை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.